தீர்ப்பும் தூரிகையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஒருவரைத் தண்டிக்கக் கருதும் மன்றம் அவருக்குச் சிறை விதிக்கலாம், பொருள் தண்டம் விதிக்கலாம், நாடு கடத்தலாம். 1568ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மெக்சிகோ நகரத்து ஓவியர் ஒருவருக்கு விதிக்கப்பட்டது இவற்றுள் ஒன்றும் அன்று. அவர் ஓர் ஓவியம் வரைந்து தரவேண்டும் என்பதே தீர்ப்பு. இரக்கத்தின் அன்னையாகிய மரியாளின் திருவுருவத்தை, தம் சொந்தச் செலவில், காண்போர் நெஞ்சில் பக்தி எழுமாறு, பேராயரின் மனம் நிறையுமாறு தீட்டிப் பேராலயத்துக்கு அளிக்க வேண்டும். அது முடியும்வரை நகரை விட்டு அகலலாகாது. முன்பு பேசிய பேச்சை இனிப் பேசலாகாது. ஒரு படைப்பாளிக்குப் படைப்பையே தண்டனையாக விதித்த தீர்ப்பு அது.

அந்த ஓவியரின் பெயர் சீமோன் பெரெய்ன்ஸ். பிளாண்டர்ஸ் நாட்டு ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்தவர். அவர் காலத்துப் பிளெமிய ஓவியருள் மூத்த பீட்டர் புரூகெல் உலகெங்கும் அறியப்பட்டவர். பெரெய்ன்ஸின் பெயரோ மெக்சிகோவின் கலை வரலாற்றைக் கற்போர் நடுவிலன்றிப் பிற இடங்களில் மிகுதியாகக் கேட்கப்படுவதில்லை. ஆயினும் எழுதுகோல் பிடிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு கேள்வியை அவருடைய வாழ்க்கை எழுப்புகிறது. பிறர் ஆணைக்குப் பணிந்து செய்த படைப்பில் படைத்தவனுக்கு உரியது யாது என்பதே அக்கேள்வி.

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட்வெர்ப் ஐரோப்பாவின் பெருஞ்சந்தைகளுள் ஒன்று. துணியும் மிளகும் விற்ற அந்நகரில் ஓவியமும் விலைபோயிற்று. செப்புத் தகட்டில் கீறி எடுத்த அச்சுப் படங்கள் கட்டுக் கட்டாகக் கப்பலேறின. பிளாண்டர்ஸும் ஸ்பெயினும் அந்நாளில் ஒரே அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தமையால், பிளெமியக் கலைஞர் தெற்கே சென்று பிழைப்பது வழக்கமாயிற்று. பிரசல்ஸ் நகரத்துப் பீட்டர் கெம்பெனீர் செவில் நகரில் பெத்ரோ தெ கம்பாஞா என்று பெயர் மாறி வாழ்ந்ததும் அக்காலமே. பெரெய்ன்ஸ் 1558இல் லிஸ்பனுக்குச் சென்றார். பின்னர் தொலேதோவுக்கும் மத்ரீதுக்கும் போனார். அங்கே இரண்டாம் பிலிப்பு மன்னரின் அரசவையைச் சார்ந்து முகவோவியம் தீட்டினார். ஆளைப் பார்த்து ஆளின் சாயலை எழுதும் அந்தக் கலையே அவருக்கு உவப்பானது. இந்தச் செய்தியை நினைவில் வைக்க வேண்டும். பின்னர் அதுவே வழக்காயிற்று.

1566இல் நியூ ஸ்பெயின் எனப்பட்ட மெக்சிகோவுக்கு அரசப் பிரதிநிதியாக அமர்த்தப்பட்ட காஸ்தோன் தெ பெரால்தாவின் பரிவாரத்தோடு அவர் கடல் கடந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் பிறந்த ஆண்ட்வெர்ப்பில் சீர்திருத்தச் சமயத்தார் திரண்டு பேராலயத்துக்குள் புகுந்து, சிலைகளை உடைத்துப் படங்களைக் கிழித்தனர். திருவுருவம் வழிபாட்டுக்கு உரியதா, வழுவா என்ற பூசல் ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்திருந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1563இல் திரெந்து பொதுச்சங்கத்தின் இறுதி அமர்வில் திருவுருவங்களைப் போற்றி உறுதி செய்தது. மெக்சிகோவிலோ அதற்கும் முன்னரே, 1555இல் கூடிய முதல் மாநிலச் சங்கம், தேர்ந்து பார்க்கப்படாத எவரும் திருவுருவம் எழுதலாகாது என்று விதித்திருந்தது. அச்சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் பேராயர் அலோன்சோ தெ மொந்தூபர். பிறந்த ஊரில் திருவுருவத்தை உடைத்தனர். புகுந்த ஊரில் திருவுருவத்துக்குக் காவலிட்டனர். இவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஓர் ஓவியர் வந்து நின்றார்.

அவர் வந்த வேளையும் நல்ல வேளை அன்று. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் அரசுக்கு எதிராகச் சதி செய்தனர் என்று ஆவிலா உடன்பிறந்தார் இருவர் மெக்சிகோ நகரில் தலை வெட்டப்பட்டிருந்தனர். எவரையும் ஐயுறும் காலம் அது. புதிய அரசப் பிரதிநிதியின் அரண்மனைச் சுவரில் பெரெய்ன்ஸ் போர்க்காட்சி ஒன்றைத் தீட்டினார் என்றும், பெரால்தாவுக்கு முப்பதாயிரம் வீரர் அணியமாக உள்ளனர் என்று அவருடைய பகைவர் மன்னருக்கு எழுதிய குற்றச்சாட்டில் அந்தச் சுவர்ப் படத்து வீரரும் எண்ணப்பட்டனர் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. செய்தி எவ்வாறாயினும் பெரால்தா திருப்பி அழைக்கப்பட்டது மெய். 1568இல் அவர் நாட்டை விட்டு நீங்கியபோது, அவரை அண்டி வந்த ஓவியர் புரவலர் இல்லாதவரானார்.

அதன்பின் அவர் தெபெயாகா என்னும் ஊரில் பிரான்சிஸ்கோ தெ மொராலெஸ் என்ற ஓவியரோடு சேர்ந்து வேலை செய்தார். வேலை செய்யும் இடத்தில் பேச்சு எழுவது இயல்பு. மணவாத ஆணும் பெண்ணும் தம்முள் இசைந்து கூடுவது பெரும் பாவம் அன்று என்று பெரெய்ன்ஸ் ஒருமுறை சொன்னார். புனிதர் படங்களை எழுதுவதைவிட மனிதரின் முகங்களை எழுதுவதே தமக்கு விருப்பம் என்றும் சொன்னார். முன்னது அந்நாளில் பலர் வாயில் வந்த பேச்சு. சமய விசாரணை ஏடுகளில் மீண்டும் மீண்டும் காணப்படுவது. பின்னதோ ஓர் ஓவியரின் தொழில் விருப்பம். இன்று எந்த ஓவியரும் தேநீர் அருந்தியபடியே சொல்லிவிட்டுப் போகக்கூடியது. ஆனால் சொன்னவர் பிளெமியர். பிறந்த ஊரோ சிலை உடைத்த ஊர். புனிதரை எழுத விருப்பமில்லை என்ற சொல்லில் லூத்தரின் நிழல் ஆடுவதாகக் கேட்டவர் கருதினர்.

செய்தி வெளியே பரவும் என்று அஞ்சிய பெரெய்ன்ஸ் 1568 செப்டம்பரில் தாமே மன்றத்தின் முன் சென்று தம் பேச்சை ஒப்புக்கொண்டார். சமய விசாரணைக்கெனத் தனி மன்றம் 1571இல்தான் மெக்சிகோவில் நிறுவப்பெற்றது. அதுவரை அவ்வதிகாரம் பேராயருடைய மன்றத்திடம் இருந்தது. ஒப்புக்கொண்டவரை விட்டுவிடவில்லை. சாட்சிகள் அழைக்கப்பட்டனர், உடன் உழைத்த மொராலெஸின் சொல்லும் அவருக்கு எதிராக நின்றது. இறுதியில் அவர் சித்திரவதைக்கு உள்ளானார். கயிற்றை முறுக்கி உடலை இறுக்கினர். வாயில் தண்ணீரை ஊற்றினர். தாம் முன்னரே சொன்னதற்கு மேல் ஒரு சொல்லையும் அவர் கூட்டிச் சொல்லவில்லை. அதன் பின்னரே படம் வரையுமாறு தீர்ப்பு வந்தது.

இந்தத் தீர்ப்பின் நுட்பம் எண்ணத் தக்கது. புனிதரை எழுத விரும்பவில்லை என்றவரிடம் புனிதருள் தலையாய அன்னையை எழுது என்றனர். நாவால் செய்ததாகக் கருதிய குற்றத்துக்குக் கையால் கழுவாய் கேட்டனர். கையோ கயிற்றால் முறுக்கப்பட்ட கை.

மக்கள் இந்தக் கதையை இப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மெக்சிகோ நகரில் வேறொரு கதை வழங்கலாயிற்று. சிறையில் கிடந்த ஓவியர் இரவெல்லாம் அழுது, தம் அறைக் கதவின்மேல் அன்னையின் உருவத்தைத் தீட்டினார். காலையில் அதைக் கண்ட நீதிபதிகள் அதன் அழகில் உருகி அவரை மன்னித்தனர். அதனாலேயே அவ்வுருவம் மன்னிப்பின் அன்னை என்று பெயர் பெற்றது என்பது அக்கதை. பேராலயத்தில் மன்னிப்பின் பீடம் என வழங்கிய பீடத்தின் நடுவே, குழந்தையை ஏந்தி வானதூதர் சூழ அமர்ந்திருந்த மரியாளின் படமே அந்தக் கதவு என்று பல தலைமுறையினர் நம்பினர். மரப்பலகையில் தீட்டப்பட்டிருந்தமையால் கதவு என்ற நினைப்பும் வேரூன்றிற்று.

கதையையும் ஆவணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மக்கள் மாற்றியது இன்னதென்று புலப்படும். ஆவணத்தில் தீர்ப்பு முதலில் வருகிறது. படம் பின்னர் வருகிறது. கதையில் படம் முதலில் வருகிறது. மன்னிப்பு பின்னர் வருகிறது. ஆவணத்தில் படம் ஒரு தண்டம்; கதையில் அது ஒரு காணிக்கை. வற்புறுத்தலுக்குப் பிறந்த ஒரு படத்தின் முன் முழந்தாளிட்டு நிற்க மக்களின் மனம் ஒப்பவில்லை போலும். அழகு விரும்பித் தரப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். ஓவியருக்கு மன்றம் மறுத்த உரிமையைக் கதை அவருக்குத் திருப்பி அளித்தது. கதை பொய்தான், ஆயினும் கருணை உள்ள பொய்.

மெக்சிகோவின் கலை வரலாற்றறிஞர் மனுவேல் துசேன் 1938இல் பெரெய்ன்ஸின் வழக்கு ஏடுகளை அச்சில் வெளியிட்டபோது, ஆவணம் கதையின் எதிரே வந்து நின்றது. பேராலயத்திலிருந்த படமே தீர்ப்பின்படி வரையப்பட்ட படம் என்பதில் பின்வந்த ஆய்வாளர் சிலருக்கு ஐயம் உண்டு. ஓவியரின் பெயரும் அந்தப் படமும் மக்கள் நினைவில் பிரிக்க முடியாதவாறு பிணைந்துவிட்டன என்பதில் ஐயம் இல்லை.

இனி, தண்டனைக்குப் பின் அவர் என்ன ஆனார் என்பதே கேட்கத் தக்கது. புனிதர் படமே வேண்டாம் என்று தூரிகையை எறிந்துவிட்டாரா? இல்லை. நாடு திரும்பினாரா? அதுவும் இல்லை. இருபது ஆண்டுகள் அந்நாட்டிலேயே இருந்து, அந்நாட்டின் திருக்கோயில்களுக்காகவே உழைத்தார். செவிலிலிருந்து வந்த அந்திரெஸ் தெ லா கொன்சா என்ற ஓவியரோடு கூட்டுச் சேர்ந்தார். அவர் உழைப்பின் முழு வடிவத்தை இன்றும் காணத்தக்க இடம் ஒன்று உண்டு. அது எரிமலைகளின் கீழ்ப்புறச் சரிவை ஒட்டி, புவெப்லாவுக்கு அருகில் உள்ள உவெகோட்சிங்கோ என்னும் ஊர். அங்கே தூய மிக்கேல் பெயரால் அமைந்த பிரான்சிஸ்கன் மடத்துக் கோயிலின் தலைமைப் பீடத்துக்குப் பின்னால், பொன் பூசிய தூண்களும் மாடங்களும் அடுக்கடுக்காக எழுகின்றன. மாடங்களில் நிற்கும் புனிதர் சிலைகள் பெத்ரோ தெ ரெக்கேனா என்ற சிற்பியின் வேலை. அவற்றின் இடையே பதிந்த ஓவியங்கள் பெரெய்ன்ஸின் வேலை. இடையர் வணக்கம், மூவரசர் வணக்கம், விருத்தசேதனம், கோயிலில் காணிக்கையாதல், உயிர்ப்பு, விண்ணேற்றம் என்று ஆறு பெருங்காட்சிகள். 1586 என்ற ஆண்டும் அவருடைய பெயரும் அங்கே எழுதப்பட்டுள்ளன.

இந்தப் பணிக்கான ஒப்பந்தம் 1584இல் எழுதப்பட்டது. அதை அவரோடு செய்துகொண்டவர் பேராயரும் அல்லர், அரசப் பிரதிநிதியும் அல்லர். உவெகோட்சிங்கோ ஊரின் பழங்குடி மக்கள். இவர்களுக்கும் திருவுருவம் பற்றிய ஒரு பழைய புண் உண்டு. 1529இல் நூஞோ தெ குஸ்மான் என்ற கொடிய அதிகாரி படையெடுத்துச் சென்றபோது, அன்னை மரியாளின் உருவம் பொறித்த கொடி ஒன்றைப் பொன்னும் இறகும் கொண்டு செய்து தருமாறு இவ்வூரார் கட்டாயப்படுத்தப்பட்டனர். சோளமும் துணியும் செங்கல்லும் கொடுத்தது போதாமல் அதையும் கொடுத்தனர். 1531இல் நடந்த வழக்கில் அவர்கள் தம் சான்றை எழுத்தால் தரவில்லை, படத்தால் தந்தனர். எட்டு ஏடுகளில், தங்கள் மரபுப்படி, கொடுத்த பொருள்களை எண்ணெண்ணாக வரைந்து காட்டினர். விற்கப்பட்ட அடிமைகளின் உருவங்களும் அவற்றில் உண்டு. குழந்தையை ஏந்திய மரியாளின் உருவமும் உண்டு. அமெரிக்க மண்ணில் அம்மண்ணின் கைகள் வரைந்த மரியாளின் உருவங்களுள் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. அது வழிபாட்டுப் படம் அன்று. பறிகொடுத்த பொருளின் கணக்கு. அந்த ஏடுகள் இன்று வாஷிங்டன் நகரின் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. 1538இல் மன்னர் அவ்வூரார்க்குச் சார்பாக முடிவு சொல்லி, பறித்த திறையில் மூன்றில் இரு பங்கைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டார்.

ஆக, உவெகோட்சிங்கோவில் சந்தித்த இரு தரப்பினரும் அன்னையின் உருவத்தை வற்புறுத்தலால் கொடுத்தவர்கள். ஊரார் 1529இல் கொடுத்தனர். ஓவியர் 1568இல் கொடுத்தார். 1584இல் அவர்கள் கூடி, கூலி பேசி, கையெழுத்திட்டு, ஒரு பெரும் பணியை ஏற்றனர். இதைக் கண்டு எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்வது மிகை. துறவியரின் செல்வாக்கும் அரசின் பிடியும் அங்கே இருக்கத்தான் செய்தன. கொள்ளைநோய்களால் அவ்வூர்களின் மக்கள்தொகை கரைந்துகொண்டிருந்த காலம் அது. ஆயினும் ஆணைக்கும் ஒப்பந்தத்துக்கும் வேறுபாடு உண்டு. ஒப்பந்தத்தில் இரு தரப்பாரின் பெயரும் உண்டு. மறுக்கும் உரிமையும் ஓரளவேனும் உண்டு.

அந்த ஓவியங்களில் அவருக்கு உரியது யாது? காட்சிகளின் அமைப்பு பெரும்பாலும் அவருடையது அன்று. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சுப் படங்களைப் பார்த்தே அந்நாளைய மெக்சிகோ ஓவியர் உருவங்களை நிறுத்தினர். பெரெய்ன்ஸின் இடையர் வணக்கம் மார்த்தன் தெ வோஸ் வரைந்து செப்பில் செதுக்கப்பட்ட படத்தைத் தழுவியது. தெ வோஸும் ஆண்ட்வெர்ப்காரர். நெடுங்காலம் லூத்தர் நெறியில் நின்றவர். லூத்தரின் சாயல் இருக்குமோ என்று ஓவியரின் வாய்ச்சொல்லைக் கயிற்றால் சோதித்த நாட்டில், லூத்தர் நெறியாளர் ஒருவரின் காட்சியமைப்பு தடையின்றிப் பீடம் ஏறிற்று. தாளில் வந்த கோடுகளை எவரும் விசாரிக்கவில்லை.

அச்சுப் படம் கருமையும் வெண்மையும் மட்டுமே தரும், நிறத்தைத் தருவதில்லை. இடையனின் தோளில் விழும் ஒளி எத்தன்மையது, மரியாளின் ஆடை மடிப்பில் நிழல் எவ்வளவு ஆழம், முதியவனின் கன்னத்தில் குருதி எவ்வளவு ஓடுகிறது என்பவற்றை ஓவியரே முடிவு செய்தாக வேண்டும். முகங்களும் அவ்வாறே. மனிதரின் முகங்களை எழுதவே விருப்பம் என்று தெபெயாகாவில் சொன்னவர், புனிதர்களின் முகங்களையே வாழ்நாளெல்லாம் எழுதும்படி ஆயிற்று. அந்தப் புனிதர்களை அவர் மனிதராகவே எழுதினார் எனலாம். பீடத்தின் அடித்தளத்தில் அமைந்த சிறிய படங்களில் மகதலா மரியாளும் எகிப்திய மரியாளும் இருக்கின்றனர். இருவரும் உடலின்பத்தில் வாழ்ந்து பின்னர் மனம் மாறியவர்களாகத் திருச்சபை மரபு போற்றும் பெண்கள். யாரை எங்கே வைப்பது என்பது துறவியரின் முடிவாகவே இருந்திருக்கும். ஆகையால் இதில் ஓவியரின் உட்கருத்தைத் தேடுவது பொருந்தாது. ஆயினும் எந்தப் பேச்சுக்காக அவர் வதைபட்டாரோ, அந்தப் பொருளுக்கே உரிய இரண்டு முகங்களைப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் கை பரிவோடு தொட்டது என்பது உண்மை.

1588இல் அவர் தூய கிறிஸ்தோபரின் படத்தைத் தீட்டிப் பெயர் பொறித்தார். குழந்தையைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடக்கும் பேருருவன், சுமை ஏற ஏறக் கோலை ஊன்றித் தள்ளாடும் கதை அது. அந்தப் படம் மெக்சிகோ பேராலயத்திலேயே உள்ளது. தண்டனையை நிறைவேற்றக் கொடுத்த அதே பேராலயத்துக்கு, இருபது ஆண்டுகளுக்குப் பின் பெயரிட்டுக் கொடுத்த படம்.

இனி இறுதியாக நடந்ததைச் சொல்ல வேண்டும். 1967ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் இரவு மெக்சிகோ பேராலயத்தில் தீப்பற்றியது. பாடகர் இருக்கைகள் எரிந்தன. பெரும் இசைக்கருவிகள் சிதைந்தன. மன்னிப்பின் பீடத்தில் இருந்த அன்னையின் படம் சாம்பலாயிற்று. பீடத்தைப் பின்னர் செப்பனிட்டனர். படத்தை மீட்க முடியவில்லை; முன்பு எடுத்த ஒளிப்படங்களில் மட்டுமே அது இன்று எஞ்சியிருக்கிறது. தீர்ப்பை எழுதிய தாள் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தீர்ப்பால் பிறந்தது என்று நம்பப்பட்ட படம் இல்லை. உவெகோட்சிங்கோவின் படங்கள், கூலி பேசிப் பெயர் பொறித்துச் செய்தவை, தம் இடத்திலேயே இருக்கின்றன. இதில் நீதியைக் காண வேண்டா. தீ தேர்ந்தெடுத்து எரிப்பதில்லை, உவெகோட்சிங்கோவிலும் பற்றியிருக்கலாம்.

கவிஞர் பெருமக்களே! ஆணைக்குப் பாடிய பாட்டு, தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்ன பாட்டு, அஞ்சி எழுதிய பாட்டு என்று பலவும் உலகின் எல்லா மொழிகளிலும் உண்டு. அவற்றைப் பழிப்பது எளிது; அவற்றுக்குக் கதை கட்டிப் புனிதமாக்குவதும் எளிது. பெரெய்ன்ஸின் வாழ்க்கை இவ்விரண்டுக்கும் அப்பால் ஒன்றைக் காட்டுகிறது. பொருளைப் பிறர் விதித்தனர். அமைப்பை அச்சுப்படம் விதித்தது. இடத்தைத் துறவியர் விதித்தனர். எஞ்சியது ஒரு முகத்தின் மேல் விழும் ஒளி. அதை எவ்வாறு எழுதுவது என்று எந்த மன்றமும் அவருக்கு விதிக்கவில்லை, விதிக்கவும் இயலாது. வதைபட்ட கை அந்தச் சிறிய இடத்தில் இருபது ஆண்டுகள் வேலை செய்தது.

பத்து ஆண்டுகள் நிறைந்த இந்த நாளில், புகழ் மிக்க பெயர்களின் நடுவே அதிகம் அறியப்படாத இந்தப் பெயரும் ஒருமுறை இந்த அவையில் ஒலித்தது தகும்.